மியூனிச் ஒலிம்பிக் வளாகம்

ஜேர்மனியின் மியூனிச் நகரில் 1972ஆம் ஆண்டுக் கோடைகால ஒலிம்பிக்குக்காக அமைக்கப்பட்ட விளையாட்டு வளாகம். கட்டடக்கலை நூல்கள் பெரும்பாலும் இதன் கூரையையே பேசும். வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், இங்கே முதலில் கட்டப்பட்டது நிலம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஓபர்வீசன்பெல்ட் எனப்படும் இவ்வெளி முன்னர் படைப் பயிற்சித் திடல். பிறகு விமானத் தளம். 1938இல் மியூனிச் உடன்படிக்கைக்காகப் பிரித்தானியப் பிரதமர் செம்பர்லேன் வந்திறங்கியது இங்கேதான். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் நகர மக்கள் இங்கே குவித்தார்கள். 1966இல் போட்டிகளை நடத்தும் உரிமை கிடைத்தபோதும் அந்த மேடு அகற்றப்படவில்லை. 1967இல் வடிவமைப்புப் போட்டியில் வென்ற குந்தர் பெனிஷ் குழுவினர் அதைக் குன்றாகத் திருத்தி, கால்வாய் நீரைத் தேக்கி அடியில் ஏரியும் அமைத்தனர். நிலத்தோற்றத்தை வகுத்தவர் குந்தர் கிர்சிமெக்.

பிரதான அரங்கின் இருக்கைகளில் பெரும்பகுதி மண்சரிவில் பதிந்திருக்கிறது. இரணைமடுக் குளக்கட்டில் நின்று கீழே பார்ப்பதுபோல, பார்வையாளர் மேட்டிலிருந்து திடலை நோக்கி இறங்குகிறார். 1936ஆம் ஆண்டின் பேர்லின் அரங்கும் பாதி நிலத்துக்குள் தோண்டப்பட்டதுதானே என்று கேட்கலாம். உண்மை, ஆனால் பேர்லினில் தரைக்கு மேலே கற்றூண் வரிசை எழுந்து, அணிவகுப்புக்கேற்ற நேர்க்கோட்டில் எல்லாம் ஒழுங்குபட்டிருந்தது. மியூனிச்சில் முகப்பும் இல்லை, நேர்க்கோடும் இல்லை. அந்த நாசிக்கால நினைவிலிருந்து விலகவே இவ்வாறு திட்டமிட்டனர். கூரை இல்லாவிட்டால் இது வெறும் பூங்காதானே என்பது இதைவிட வலுவான மறுப்பு. கட்டடக்கலைஞர் ஃபிரை ஒட்டோவின் பங்களிப்புடன் உருவான, ஏறத்தாழ 75,000 சதுர மீட்டர் பரப்புள்ள அந்த எஃகுக் கம்பிவலை, அக்ரிலிக் தகடுகளால் மூடப்பட்டது. கணினிக் கணக்கீட்டுக்கும் புதுவழி திறந்தது. செலவோ மதிப்பீட்டைப் பன்மடங்கு தாண்டியது. எனினும் இழுவிசையால் நிற்கும் கூரை அது. அந்த இழுவையைத் தாங்குவன புதைந்து கிடக்கும் மாபெரும் கொங்கிறீற் அடித்தளங்கள். காற்றில் மிதப்பதாகத் தோன்றுவதும் மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இடிபாட்டைப் புல்லால் மூடுவது போரை மறைப்பதாகாதா? கிளிநொச்சியில் போரில் சரிந்து விழுந்த நீர்த்தாங்கி ஏ9 வீதியோரம் பல ஆண்டுகள் காட்சிப்பொருளாகக் கிடந்ததைக் கண்ட வன்னி வாசகருக்கு இது ஏட்டுக்கேள்வி அல்ல. மியூனிச் குன்று எதையும் மறைக்கவில்லை என்று வாதிட முடியாது. ஆனால் குண்டுவீச்சில் மாண்டவர்களுக்காக ருடோல்ப் பெலிங் செய்த நினைவுச்சிற்பம் 1972இலேயே அதன்மேல் வைக்கப்பட்டது; அங்கே வென்றவரின் பேச்சு இல்லை. 1972 செப்டெம்பர் 5இல் தொடங்கிய தாக்குதலில் 11 இஸ்ரேலியரும் ஒரு ஜேர்மன் பொலிஸ்காரரும் கொல்லப்பட்டதற்கு, இந்தத் திறந்த அமைப்பையே குறைகூறுவோரும் உண்டு. தாக்கப்பட்ட வீரர் குடியிருப்பு, பெருவீதிக்கு அப்பால் தனியே இருந்தது; தவறியது காவல் ஏற்பாடு. கொல்லப்பட்டவர்களுக்கான நினைவிடம் 2017இல் ஒரு மண்மேட்டைக் குடைந்து அமைக்கப்பட்டது.

2005இல் மியூனிச்சின் இரு பெரிய கால்பந்துக் கழகங்களும் வேறு அரங்குக்குப் போயின. ஆயினும் வளாகம் வெறிச்சோடவில்லை. 2022இல் ஐரோப்பிய சம்பியன்சிப் போட்டிகள் இங்கே நடந்தபோது, மலைச் சைக்கிளோட்டப் பந்தயம் அந்த இடிபாட்டுக் குன்றிலேயே நடந்தது.