வெற்று அடைப்புக்குறியின் கடன்: சி23 தரமும் செயற்கூறு சுட்டுகளும்

2025 ஏப்ரலில் வெளிவந்த ஜிசிசி 15 நிரல்பெயர்ப்பி, சி மொழியின் தரம் எதுவும் குறிப்பிடாவிட்டால் சி23-ஐயே எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அந்த இடத்தில் சி17 இருந்தது. பல்லாண்டுகளாகப் பிழையின்றிப் பெயர்க்கப்பட்டுவந்த நிரல்கள் இதனால் திடீரென நின்றன. பழி புதிய தரத்தின் மீது விழுந்தது. அந்தப் பழியில் பெரும்பகுதி பொருந்தாது என்பதே என் வாதம். பொருந்துகிற சிறுபகுதிக்கோ, பரவலாகக் கையாளப்படும் தீர்வுகள் மூலச் சிக்கலைவிட ஆபத்தானவை.

சிக்கல் '()' என்ற வெற்று அடைப்புக்குறியில் தொடங்குகிறது. 1978இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய நூல் காட்டிய சி மொழியில், செயற்கூற்றின் அறிவிப்பு அளபுருக்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 1989ஆம் ஆண்டின் ஆன்சி தரம் அளபுருக்களின் வகைகளையும் அறிவிக்கும் முன்வடிவை சி++இலிருந்து கொண்டுவந்தது. பழைய நிரல்கள் பிழைக்கட்டும் என்று, '()' என்றால் 'அளபுருக்கள் குறிப்பிடப்படவில்லை' என்ற பொருளையும் விட்டுவைத்தது. ஆனால் அப்போதே அதை வழக்கொழியும் கூறு என்று முத்திரையிட்டது. சி99, சி11, சி17 மூன்றும் அதைத் தொடாமல் கடந்தன. சி23 தொட்டது: இனி '()' என்றால் அளபுருவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தந்த அவகாசத்தை அவசரம் என்பது நியாயமன்று.

வெற்று அடைப்புக்குறியை எழுதியவர்களின் நோக்கம் இரண்டு வகை. சோம்பலால் எழுதியவர்களைப் பற்றிப் பேச அதிகமில்லை. சரியான முன்வடிவை எழுதினால் முடிந்தது. மற்றவர்கள் தெரிந்தே எழுதினார்கள். ஒரு வரிமொழிமாற்றி தன் உள்ளமைந்த செயற்கூறுகளை ஒரே அட்டவணையில் வைக்க வேண்டும். ஒன்றுக்கு ஓர் அளபுரு, இன்னொன்றுக்கு மூன்று. '()' வகைச் சுட்டு அத்தனையையும் ஏற்றது. சி23 உண்மையிலேயே பறித்த வசதி இதுதான்.

ஆனால் அந்த வசதிக்கும் எல்லை இருந்தது. முன்வடிவு இல்லாத அழைப்பில் ஃப்ளோட் மதிப்பு டபுளாகவும், கேர், ஷார்ட் மதிப்புகள் இன்ட்டாகவும் உயர்த்தப்படும். எனவே ஃப்ளோட் அளபுரு கொண்ட செயற்கூறு அந்தச் சுட்டோடு ஒருபோதும் பொருந்தியதில்லை. எக்ஸ்86-64இல் அழைப்பவர் 64 பிட் டபுளை அனுப்ப, அழைக்கப்பட்டது அதன் கீழ் 32 பிட்டை ஃப்ளோட் என்று படிக்கும். பழைய ஜிசிசி பதிப்புகள் ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டன. 2024இல் ஜிசிசி 14தான் பொருந்தாத சுட்டு வகைகளை இயல்பாகவே பிழையாக்கியது.

இனி தீர்வுகள். சி17-க்கே திரும்பும்படி பெயர்ப்பிக்குச் சொல்வது முதல் வழி. தனி நிரலுக்குச் சரி, நூலகத்துக்குப் போதாது. அதன் தலைப்புக் கோப்பைப் பயனர் சி23இல் சேர்க்கும்போது அதே '()' அங்கே வேறு பொருள் தரும். சி++ பயனர்களுக்கு இது புதிதல்ல.

இரண்டாவது வழி '(...)'. பெயருள்ள அளபுரு இல்லாமலே இதை எழுத சி23 அனுமதிப்பதால், பழைய '()'-க்கு மாற்று இதுவே என்று தோன்றும். தோற்றம் ஏமாற்றுகிறது. எண்ணிக்கை மாறும் அளபுருச் செயற்கூறும் நிலையான அளபுருச் செயற்கூறும் பொருந்தாத வகைகள். ஆப்பிளின் 64 பிட் ஆர்ம் கணினிகளில் முந்தையதன் மாறும் மதிப்புகள் அடுக்கில் செல்லும். பிந்தையது முதல் சில மதிப்புகளைப் பதிவகங்களில் தேடும்.

மூன்றாவதுதான் மிகப் பரவலானது, என் கணிப்பில் மிக மோசமானதும்கூட: வலிந்து இனமாற்றம் செய்வது. ஒரு செயற்கூறு சுட்டை வேறு வகைக்கு மாற்றி, பிறகு மூல வகைக்கே மீட்பதைத் தரம் ஏற்கிறது. பொருந்தாத வகையின் வழியே அழைத்தால் விளைவு வரையறுக்கப்படாதது. எக்ஸ்86-64இல் கூடுதல் மதிப்பு ஒரு பதிவகத்தில் கவனிப்பாரின்றிக் கிடப்பதால் நிரல் ஓடிவிடும். பைத்தான் மொழியின் சிபைத்தான் செயலாக்கத்துக்கான நீட்சிகள் பல இப்படித்தான் ஓடின: இரண்டு அளபுரு எதிர்பார்க்கும் இடத்தில் ஓர் அளபுருச் செயற்கூற்றைச் செருகியிருந்தன. மறைமுக அழைப்பு ஒவ்வொன்றிலும் வகையைச் சரிபார்க்கும் வெப்அசெம்பிளிக்கு அவற்றைக் கொண்டுபோனபோது, அந்த அழைப்பிலேயே நிரல் முறிந்தது. லினக்ஸ் கருவகத்தின் கட்டுப்பாட்டு ஓட்டப் பாதுகாப்பும், அதை இயக்கிப் பெயர்த்தால், இத்தகைய அழைப்பை மறிக்கும். சி23 தந்த பிழைச் செய்தியை இனமாற்றம் அழிக்கிறது, பிழையை அழிப்பதில்லை.

செய்ய வேண்டியதை ஈமாக்ஸ் உரைத்தொகுப்பி காட்டுகிறது. அதன் லிஸ்ப் செயற்கூறுகளைக் குறிக்கும் கட்டமைப்பில், அளபுரு இல்லாதது முதல் எட்டு அளபுரு வரை ஒவ்வொன்றுக்கும் தனிச் சுட்டு வகை ஒரு யூனியனுக்குள் இருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்து, உரிய உறுப்பின் வழியே அழைக்கிறார்கள். ஸ்விட்ச் கூற்று நீளும், அழகாகவும் இராது. ஆனால் பெயர்ப்பியால் ஒவ்வோர் அழைப்பையும் சரிபார்க்க முடிகிறது. யூனியன் பிடிக்காதவர்கள் ஒரு பொது வகையில் சேமித்து, அழைக்கும் இடத்தில் மூல வகைக்கு மீட்கலாம். அப்போது வகையை நினைவில் வைக்கும் பொறுப்பு நிரலர் தலையில்.

இரண்டும் உதவாத இடம் ஒன்று உண்டு: செயற்கூற்றின் வடிவம் இயங்கும்போதுதான் தெரியவரும் நிலை. சி செயற்கூறுகளை அழைக்க உதவும் பைத்தானின் சிடைப்ஸ் கூறு அத்தகையது. அது லிப்எஃப்எஃப்ஐ நூலகத்தை நாடுகிறது. அந்த நூலகம் மதிப்புகளை எந்தப் பதிவகத்தில், அடுக்கின் எந்த இடத்தில் வைப்பது என்பதை ஒவ்வொரு கணினி வகைக்கும் தனித்தனியே எழுதி வைத்திருக்கிறது, அதில் ஒரு பகுதியை அசெம்பிளியிலேயே.