ஓராண்டுக் காற்று, நூறாண்டுக் கடல்

1969-இல் சியுகுரோ மனாபேயும் கிர்க் பிரையனும் வளிமண்டலத்தையும் பெருங்கடலையும் ஒரே கணிப்பு மாதிரியில் இணைத்தபோது எதிர்கொண்ட பெருந்தடை, அவற்றின் கால வேறுபாடு. காற்று விரைவில் சமநிலை எய்தும். ஆழ்கடலுக்கோ நூற்றாண்டுகள் வேண்டும். இரண்டையும் நாள்தோறும் ஒருசேர நகர்த்த அன்றைய யூனிவாக் 1108 கணினிக்கு வலுவில்லை. ஆகவே வளிமண்டலத்தின் ஓராண்டைக் கடலின் நூறாண்டுக்கு ஈடாக்கினர். புவி முழுவதையும் அன்றி, கற்பனையான ஒரு துண்டையே கணக்கிட்டனர். அப்படியும் கணினி ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கடல் சமநிலையை எட்டவில்லை. இதைக் குறுக்குவழி என இகழ்வது எளிது. அன்று வேறு வழியிருந்ததாகத் தெரியவில்லை. இன்றைய மீக்கணினிகளில் காற்றும் கடலும் தனித்தனிச் செயலித் தொகுதிகளில் இணையாக ஓடி, குறித்த இடைவெளியில் வெப்பத்தையும் நீரையும் பரிமாறுகின்றன. ஒன்று பிந்தினால் மற்றதன் ஆயிரக்கணக்கான செயலிகள் வாளாவிருக்கின்றன.