உபரி யாருக்கு? சமூகத் தொழில் நிறுவனங்களின் உரிமை அமைப்பு: ஓர் ஆய்வு

2010 ஆகஸ்ட் மாதம் ஐதராபாத்தின் எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனம் பங்குச் சந்தையில் நுழைந்தது. பங்கு வெளியீட்டில் சுமார் 1,650 கோடி ரூபாய் திரண்டது. விற்பனைக்கு வைத்த பங்குகளைவிடப் பல மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் வழங்குவதற்காக 1990களின் பிற்பகுதியில் இலாப நோக்கற்ற அமைப்பாகத் தோன்றி, 2005இல் வங்கிசாரா நிதி நிறுவனமாக மாறிய அமைப்பு அது. பங்குகள் பட்டியலான இரண்டே மாதங்களில், அதே ஆண்டு அக்டோபரில், நுண்கடன் வசூலைக் கட்டுப்படுத்த ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன, வாரத் தவணையைக் கறாராக வசூலித்தன, அந்த நெருக்கடி தாளாமல் கடனாளிகள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற குற்றச்சாட்டுகள் மாநிலம் முழுவதும் எழுந்திருந்த நேரம் அது. சட்டம் வந்ததும் அந்த மாநிலத்தில் கடன் வசூல் ஏறக்குறைய நின்றே போனது.

ஏழைகளுக்கு உதவும் நோக்கத்தோடு தொடங்கிய நிறுவனம் எந்த இடத்தில் தடம் மாறியது? மேலாளர்களின் பேராசை, கண்காணிப்பின் குறைபாடு, அளவுமீறிய வளர்ச்சி என்று பல விடைகள் சொல்லப்பட்டன. அவை எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொரு காரணம் இருப்பதாக இக்கட்டுரை கருதுகிறது. ஒரு தொழில் நிறுவனம் சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் தொடர்ந்து பயன்படுமா என்பதை நிறுவியவர்களின் நல்லெண்ணத்தைக் காட்டிலும் அதன் உரிமை அமைப்பே தீர்மானிக்கிறது. முடிவெடுக்கும் வாக்கு யாரிடம் இருக்கிறது, உபரி யாருக்குப் போகிறது, நிறுவனத்தை விற்க முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கு நிறுவன விதிகளில் எழுதப்பட்டுள்ள விடைதான் நீண்ட காலத்தில் நிலைக்கிறது.

எஸ்.கே.எஸ். விஷயத்தில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கடன் பெற்ற பெண்களுக்கு அந்த நிறுவனத்தில் பெயரளவில் பங்கு இருந்தது. அவர்களின் நலனுக்கென்று அமைக்கப்பட்ட பரஸ்பர நல அறக்கட்டளைகள் பங்குகளை வைத்திருந்தன. ஆனால் நிறுவனம் எவ்வளவு வேகமாக வளர வேண்டும், வட்டி என்னவாக இருக்க வேண்டும், வசூல் முறை எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவுகள் அந்தப் பெண்களின் கையில் இல்லை. வங்கதேசத்தில் 1983இல் தனிச் சட்டத்தின்கீழ் வங்கியான கிராமீன் வங்கியோ இதற்கு வேறான வழியில் சென்றது. அதன் பங்குகளில் மிகப் பெரும்பகுதி கடன் பெறுபவர்களுக்கே சொந்தம். இயக்குநர் குழுவில் 9 இடங்கள் அவர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு. அந்த வங்கியின் மீதும் விமர்சனங்கள் உண்டு. ஆயினும் கடனாளியின் இழப்பில் முதலீட்டாளர் பெருகும் வாய்ப்பை அதன் அமைப்பே குறைத்துவிடுகிறது.

விற்பனை பற்றிய கேள்விக்கு 1976ஆம் ஆண்டு நல்ல சான்று தருகிறது. அந்த ஆண்டில் இங்கிலாந்தின் பிரைட்டனில் அனிதா ராடிக் ‘பாடி ஷாப்’ கடையைத் திறந்தார். விலங்குகள் மீது சோதிக்காத அழகுப் பொருள்கள், ஏழை நாட்டு உற்பத்தியாளர்களிடம் நேரடிக் கொள்முதல் என்று அறம்சார்ந்த வணிகத்துக்கு உலகெங்கும் முகமாக விளங்கிய நிறுவனம் அது. ஆனால் அது சாதாரணப் பங்கு நிறுவனமாகவே இருந்ததால் விற்பனைக்கு உரிய சரக்காகவும் இருந்தது. 2006இல் லோரியாலுக்கும், 2017இல் பிரேசிலின் நட்டுரா நிறுவனத்துக்கும், 2023இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கும் கைமாறியது. 2024 பிப்ரவரியில் அதன் பிரிட்டன் கிளை திவால் நிர்வாகத்துக்குள் போனது.

அதே 1976இல் மதுரையில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன அவர் அந்த விரல்களாலேயே கண்புரை அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர். கட்டணம் செலுத்த முடிந்தவர்களிடம் பெறும் வருவாயைக் கொண்டே, செலுத்த முடியாத பெரும் எண்ணிக்கையினருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்து, மருத்துவர் செய்யத் தேவையில்லாத வேலைகளை எல்லாம் அவர்களிடம் ஒப்படைத்ததால் ஒரு மருத்துவர் ஒரு நாளில் செய்யக்கூடிய அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை பல மடங்கானது. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லைகள் நூறு டாலர் அளவுக்கு விற்ற காலத்தில், 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்புப் பிரிவைத் தொடங்கி, அதன் விலையைப் பத்து டாலர் அளவுக்கும் பிறகு அதற்கும் கீழேயும் கொண்டுவந்தார்கள். இந்த வெற்றியை நிர்வாகத் திறமையின் கதையாகவே பலரும் எழுதியிருக்கிறார்கள். அது அறக்கட்டளைச் சொத்து என்பதும், உபரி பங்குதாரரின் பைக்குப் போகாமல் அடுத்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் அந்தத் திறமைக்கு இணையாகப் பேசப்பட வேண்டியவை. அறக்கட்டளை வடிவத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. பயன்பெறும் நோயாளிகளுக்கு அதில் வாக்கு இல்லை. அறங்காவலர்களின் நேர்மையை நம்பியே அது நிற்கிறது.

பயன்பெறுபவர்களே உரிமையாளர்களாகவும் இருந்தால் என்ன நிகழும் என்பதைப் புனே நகரத்தின் குப்பையில் காணலாம். 1993இல் அங்கே குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’ என்ற தொழிற்சங்கத்தை அமைத்தார்கள். சுமைதூக்கும் தொழிலாளர்களைத் திரட்டிய பாபா ஆடவ் அதற்குத் துணை நின்றார், எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் வயதுவந்தோர் கல்விப் பிரிவைச் சேர்ந்த லட்சுமி நாராயணும் பூர்ணிமா சிக்கர்மானேயும் அதைக் கட்டியெழுப்பினார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். வறட்சியால் மராத்வாடாவை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்கள் அவர்களில் பல. சங்கத்தின் முதல் கோரிக்கை கூலி உயர்வு அன்று. தாங்கள் செய்வது தொழில் என்ற அங்கீகாரம். 1990களின் நடுவில் மாநகராட்சி ஒப்புதலோடு அடையாள அட்டை கிடைத்தது. கோணியோடு தெருவில் நடக்கும் பெண்ணைத் திருடி என்று யாரும் நிறுத்தினால் காட்டுவதற்கு அவள் கையில் ஓர் ஆவணம் வந்தது.

2000ஆம் ஆண்டு நகரத் திடக்கழிவு விதிகள் வீடு வீடாகக் குப்பை சேகரிப்பதைக் கட்டாயமாக்கின. தனியார் ஒப்பந்த வண்டிகள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டால் தெருத்தொட்டியை நம்பியிருந்தவர்களுக்குப் பிழைப்பு போய்விடும். சங்கம் இதை எதிர்த்து மட்டும் நிற்கவில்லை; அந்த வேலையைத் தாங்களே செய்வதாக முன்வந்தது. முன்னோட்டத்துக்குப் பிறகு 2008இல் ‘ஸ்வச்’ என்ற தொழிலாளர் கூட்டுறவு புனே மாநகராட்சியோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. 3,500க்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு நாட்டின் மிகப் பெரிய குப்பை சேகரிப்போர் கூட்டுறவாக அது வளர்ந்தது.

அதன் பொருளாதாரம் எளிமையானது. இரண்டு பேர் சேர்ந்து ஏறத்தாழ 300 வீடுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். தள்ளுவண்டியில் மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனி வாளிகள். கைப்பிடியில் தொங்கும் சாக்கில் உடனே பிரித்துப் போடக்கூடிய பால் பாக்கெட்டும் அட்டையும். ஒவ்வொரு வீடும் மாதக் கட்டணத்தை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுக்கிறது. சுற்று முடிந்ததும் கொட்டகையிலோ தெருவோரத்திலோ உட்கார்ந்து வெள்ளைத்தாள், செய்தித்தாள், அட்டை, குடிநீர் பாட்டில், தகரம், கண்ணாடி என்று தரம்பிரித்துப் பழைய பொருள் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். அந்தப் பணமும் அவர்களுக்கே. கையுறை, வண்டி, சீருடை, நிர்வாகச் செலவு ஆகியவற்றுக்கு மாநகராட்சி துணை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். பயன்படுத்திய நாப்கின்களைத் தாளில் சுற்றிச் சிவப்புப் பொட்டு வைத்துத் தனியே கொடுங்கள் என்ற இயக்கத்தையும் இந்தப் பெண்களே நடத்தினார்கள். வெறுங்கையால் பிரிப்பவர்களின் அனுபவத்திலிருந்தே அப்படியொரு கோரிக்கை பிறக்க முடியும்.

சுற்றுச்சூழல் பயன் இந்த உரிமை அமைப்பிலிருந்தே விளைகிறது. குப்பை அள்ளும் தனியார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் டன் கணக்கில் பணம் தருபவை. எவ்வளவு எடை கிடங்குக்குப் போகிறதோ அவ்வளவு வருவாய்; பிரிப்பதும் குறைப்பதும் ஒப்பந்ததாரருக்கு நட்டம். பொறுக்கும் பெண்ணுக்கோ கிடங்குக்குப் போகும் ஒவ்வொரு பாட்டிலும் இழந்த காசு. ஆகவே அவள் தன் வரவுக்காகச் செய்யும் வேலையே நகரத்தின் கிடங்குச் சுமையைக் குறைக்கிறது. புனேயின் குப்பையைச் சுமந்த உருளி தேவாச்சி, புர்சுங்கி கிராம மக்கள் தங்கள் மண்ணும் கிணறும் கெட்டதற்காக ஆண்டுக்கணக்கில் போராடியதை நினைத்தால், கிடங்குக்குப் போகாத ஒவ்வொரு மூட்டையும் யாருக்கு நன்மை என்பது விளங்கும்.

இதே தர்க்கம் நீலகிரியிலும் செயல்படுகிறது. கோத்தகிரியில் 1993இல் தொடங்கிய கீஸ்டோன் அமைப்பு, குறும்பர், இருளர் உள்ளிட்ட பழங்குடிகளோடு மலைத்தேன் எடுப்பில் பணியாற்றி வந்தது. அந்தப் பணியிலிருந்து 2013இல் ‘ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்’ பிறந்தது. அதன் பங்குதாரர்கள் பழங்குடியினரே. தேனடையில் குஞ்சுகள் உள்ள பகுதியை விட்டுவிட்டுத் தேன் உள்ள பகுதியை மட்டும் அறுப்பது, சில கூடுகளைத் தொடாமலே விடுவது போன்ற முறைகளுக்கு அங்கே பொருளாதாரக் காரணமும் உண்டு. அடுத்த ஆண்டும் அதே பாறைக்குத் திரும்பி வரப்போகிறவர் அந்த நிறுவனத்தின் உரிமையாளரே. 2021இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு ஆதிமலைக்குக் கிடைத்தது.

இந்த வாதத்துக்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, தொழிலாளர் உரிமை பழைய இழிவை நிலைப்படுத்துகிறது என்பது. சாதியால் குப்பைக்குத் தள்ளப்பட்டவர்களைக் கூட்டுறவு அதே குப்பையிலேயே நிறுத்துகிறதே என்று கேட்பவர்கள் நியாயமான கேள்வியைக் கேட்கிறார்கள். ஸ்வச் உறுப்பினர்களின் பிள்ளைகள் படித்து வேறு தொழில்களுக்குப் போவதுதான் இதற்கு முழுமையான விடையாக அமையும்; சங்கம் தொடக்கம் முதலே பிள்ளைகளின் படிப்பை முன்னிறுத்தியதும் இதனால்தான். ஆனால் இன்று அந்த வேலையில் இருக்கும் நடுத்தர வயதுப் பெண்ணிடம் அதன் வருவாயையும் உரிமையையும் பறித்து ஒப்பந்ததாரரிடம் கொடுப்பதால் சாதி ஒழிவதில்லை. அவள் வறுமை மட்டுமே கூடுகிறது.

இரண்டாவது மறுப்பு, உறுப்பினர்களுக்குச் சொந்தமான நிறுவனங்களால் முதல் திரட்டவோ பெரிதாக வளரவோ முடியாது என்பது. இதற்கு வரலாறே பதில். 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் தொடங்கிய ஒன்றியத்திலிருந்து அமுல் வளர்ந்தது. இன்று அதற்கு லட்சக்கணக்கான பால் உற்பத்தியாளர் குடும்பங்கள் சொந்தக்காரர்கள். கேரளத்தின் வடகரைப் பகுதியில் சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் சீடர்களான கூலித் தொழிலாளர்கள் 1925இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவு, நூறு ஆண்டு கடந்து இன்று பாலங்களும் நெடுஞ்சாலைகளும் கட்டுகிறது. தனியார் முதலாளிகூட இந்தத் திசையில் நகர முடியும். அமெரிக்காவின் படகோனியா ஆடை நிறுவனத்தை நிறுவிய இவோன் சுய்னார்ட் 2022இல் வாக்குரிமை உள்ள 2 விழுக்காடு பங்குகளை ஓர் அறக்கட்டளைக்கும், வாக்குரிமை இல்லாத 98 விழுக்காட்டைச் சுற்றுச்சூழல் பணிக்கான அமைப்புக்கும் மாற்றிக் கொடுத்தார். தன் காலத்துக்குப் பிறகு நிறுவனம் விற்கப்படுவதைத் தடுக்கும் வழியாக அவர் கண்டது உரிமை மாற்றமே.

கூட்டுறவுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்வச்சின் முதல் ஒப்பந்தம் 2013இல் முடிந்தபோதும், புதுப்பித்த ஒப்பந்தம் 2020 இறுதியில் முடிந்தபோதும் அது குறுகிய கால நீட்டிப்புகளை நம்பியே ஓடியது. உறுப்பினர்கள் வேலையைக் காக்க வீதியில் இறங்கினார்கள், வீட்டுக்காரர்களில் பலர் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். உள்ளே உறுதியாக இருக்கும் உரிமை, வெளியே அரசின் ஒரு கையெழுத்தைச் சார்ந்திருக்கிறது.

சட்டம் இங்கேதான் தேவைப்படுகிறது. பிரிட்டன் 2005 முதல் ‘சமுதாய நல நிறுவனம்’ என்ற தனி வடிவத்தை நடைமுறைப்படுத்தி வருகிறது. அதன் சொத்து சமுதாயப் பயனுக்கெனப் பூட்டப்பட்டது; பங்கு நிறுவனமாக இருந்தால் பகிரத்தக்க இலாபத்தில் 35 விழுக்காட்டுக்கு மேல் ஈவுத்தொகை தர முடியாது. இத்தாலி 1991லேயே சமூகக் கூட்டுறவுகளுக்குச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் கூட்டுறவு, அறக்கட்டளை, உற்பத்தியாளர் நிறுவனம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு நிறுவனம் என்று வடிவங்கள் பல உண்டு. இவற்றை இணைக்கும் ஒரே வரையறை இல்லை. 2022இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதிகள் வகுத்த சமூகப் பங்குச் சந்தை, இலாப நோக்குள்ள நிறுவனம் ஒன்றைச் சமூக நிறுவனமாக ஏற்க, அதன் வருவாயிலோ செலவிலோ பயனாளிகளிலோ 67 விழுக்காடு தகுதியான சமூகப் பணிகளைச் சார்ந்திருக்க வேண்டும் என்கிறது. செயல்பாட்டை அளக்கும் அந்த அளவுகோல் உரிமையைத் தொடுவதில்லை. ஏழைப் பெண்களுக்கு மட்டுமே கடன் கொடுத்த 2010ஆம் ஆண்டு நுண்கடன் நிறுவனம் ஒன்றும் அந்த 67 விழுக்காட்டை எளிதில் தாண்டியிருக்கும்.

எனவே சமூகத் தொழில் நிறுவனம் என்ற தகுதியையும் அதனோடு வரும் வரிச்சலுகை, மானியம், நகராட்சி ஒப்பந்தம் ஆகியவற்றையும் மூன்று நிபந்தனைகளோடு இணைக்க வேண்டும். சொத்தைத் தனியாருக்கு விற்க முடியாதபடி பூட்டு இருக்க வேண்டும். ஈவுத்தொகைக்கு உச்சவரம்பு இருக்க வேண்டும். உழைப்பவர்களுக்கோ பயன்பெறுபவர்களுக்கோ இயக்குநர் குழுவில் வாக்குள்ள இடம் இருக்க வேண்டும். இத்தகைய நிறுவனங்களோடு உள்ளாட்சிகள் செய்யும் ஒப்பந்தங்களும் ஆண்டுக்காண்டு நீட்டிக்கும் தயவாக இல்லாமல் நீண்ட கால உறுதியாக அமைய வேண்டும். அதுவரை, மானியம் கேட்டு வரும் எந்த நிறுவனத்தின் அறிக்கையையும் படிக்கும் அதிகாரிகளும் கொடையாளர்களும் அதன் நோக்கப் பக்கத்தைத் தாண்டி, விதிமுறைகளில் ‘உபரி’ என்ற தலைப்பின்கீழ் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்க்கட்டும்.