போர்க்கதையும் ஜான்சி ராணிப் படையும்

போர்க்கதைகளில் பெண்ணுக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் வீட்டு வாசலே. ஆண் களம் புகுவான், அவள் காத்திருப்பாள். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959) என்ற நாவலில் செல்லையா இந்திய தேசிய ராணுவத்து வீரன். நாயகி மரகதமோ தந்தையின் முடிவுக்குக் கட்டுப்பட்ட இல்லத்துப் பெண்.

வரலாறு கூறுவது வேறு. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படைக்கு அழைப்பு விடுத்தார். அக்டோபர் 22-இல் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கிற்று. சென்னையில் மருத்துவம் பயின்ற லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். கோலாலம்பூர் ஜானகி தேவர் பதினெட்டு வயதில் சேர்ந்து, தளபதியருள் ஒருவராக உயர்ந்தார். இந்தியாவைக் கண்ணாலும் காணாத தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் பலர் அணியில் நின்றனர்.

துப்பாக்கிப் பயிற்சி பெற்ற இப்படை 1944-இல் பர்மா சென்றது. ஆனால் இம்பால் களத்தில் இறக்கப்படவில்லை. காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தது. 1945-இல் பின்வாங்குகையில் பல நாள் நடந்தது.

ஆகவே, போரிட்டதாகப் புனைந்து புகழ்வதும், போரிடவில்லை எனப் புறக்கணிப்பதும் ஒருங்கே தவறு. கங்காணியின் அதட்டலுக்கு ஒடுங்கிய பெண், அணிவகுப்பில் தலைநிமிர்ந்தாள். அம்மாற்றமே நாவலுக்குரிய பொருள். ஜானகி பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினரானதும் அதன் தொடர்ச்சியே எனலாம்.

செராஸிலும் கிள்ளானிலும் எழுதும் இளைஞர், தம் குடும்பங்களில் எஞ்சிய நினைவுகளைத் திரட்டுவாராக. வாசலில் நின்ற பெண்ணை நாம் அறிவோம். வாசலைக் கடந்தவளை இனி அறிதல் வேண்டும்.