ஒரு மண்டலமும் ஒரு நாளும்

சரித்திரத்தில் பெரிய காரியங்கள் எல்லாம் பெரிய இடங்களில்தான் தொடங்கும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ராஜ சபை, யுத்த களம், மகாநாட்டுப் பந்தல் என்று தேடிப் போவோம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கோ, நாலு பெண்கள் கூடி ஒரு பெயருக்காகச் சண்டை போட்டார்கள் என்றால் அந்தச் சண்டைதான் முதலில் கண்ணில் படும். அப்படிப்பட்ட சண்டை ஒன்றின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இடம், வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு சர்வகலாசாலை. காலம், 1912-ம் வருஷத்தின் கடைசி மாதங்களும் அதற்கு அடுத்த வருஷமும்.

அமெரிக்காவில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1865-ல். இரண்டே வருஷத்தில், 1867-ல், ஹோவர்டு சர்வகலாசாலை தோன்றிவிட்டது. அடிமைகளாயிருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அங்கே லத்தீனும் கணிதமும் படித்தார்கள். பெண்களும் படித்தார்கள்.

அந்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. மாணவிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, கிரேக்க எழுத்துக்கள் இரண்டு மூன்றைக் கோத்து அதற்குப் பெயர் வைப்பார்கள். சேருகிறவர்கள் ரகசியப் பிரமாணம் எடுத்துக்கொள்வார்கள். தனிச் சின்னம், தனி வர்ணம் எல்லாம் உண்டு. 'சொராரிட்டி' என்று பெயர். சகோதரிகள் சங்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கல்லூரியை விட்டுப் போன பிறகும், தலை நரைத்த பிறகும், அந்தச் சகோதரி உறவு விட்டுப்போவதில்லை.

வெள்ளைக்கார மாணவிகளின் சங்கங்களில் கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே, 1908-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி ஹோவர்டு மாணவிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். எதெல் ஹெட்ஜ்மன் என்ற பெண் முன்னின்று நடத்தினாள். ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரி மாணவிகள் தொடங்கிய முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அதுதான்.

நாலு வருஷம் போயிற்று. தொடங்கியவர்கள் பட்டம் பெற்று உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். 1912-ம் வருஷக் கடைசியில் சங்கத்தில் இருந்தவர்கள் புதியவர்கள். மைரா டேவிஸ் என்ற மாணவி தலைவி. மேட்ரி பென் என்பவள் பெரிய பெரிய யோசனைகள் செய்கிறவள். "இந்தப் பெயர் ஆண் பிள்ளைகளின் சங்கத்துப் பெயரைப் பார்த்து வைத்ததுபோல் இருக்கிறது; மாற்ற வேண்டும். சங்கம் இந்தக் கல்லூரியோடு நின்றால் போதாது. தேசம் முழுவதும் பரவ வேண்டும். கூடிப் பேசிக் கலைவதோடு திருப்தி அடையாமல் பொதுக் காரியங்களில் இறங்க வேண்டும்" என்பது அவர்கள் கட்சி. பெயர், சின்னம், வர்ணம் எல்லாவற்றையும் மாற்றுவதென்று தீர்மானித்துவிட்டார்கள்.

செய்தி நெல்லி குவாண்டரின் காதுக்கு எட்டியது. அவள் அதே சங்கத்தின் முன்னாள் தலைவி. பட்டம் பெற்று வெளியேறியவள். அவள் இதற்குச் சம்மதிக்கவில்லை. பெயரை மாற்றும் எண்ணத்தைக் கைவிடும்படி சொல்லி, அதற்கு ஒரு கெடுவும் வைத்தாள். மாணவிகள் மசியவில்லை. 1913-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி இருபத்திரண்டு பேரும் டெல்டா ஸிக்மா தீட்டா என்ற புதுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். பழைய சங்கத்துக்குத் தலைவியாயிருந்த மைராவே புதிய சங்கத்துக்கும் தலைவியானாள். நெல்லி சும்மா இருந்தாளா? ஜனவரி 29-ந் தேதி பழைய பெயரைச் சட்டப்படி பதிவு செய்து, இனி எவரும் அதை அழிக்க முடியாதபடி காப்பாற்றி வைத்தாள்.

இதில் யார் பக்கம் நியாயம்? நம் வீடுகளில் பாகப் பிரிவினை நடக்கும்போது கேட்கிற கேள்விதான் இது. ஒரு குடும்பம் இப்போது அதில் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும் சொந்தமா, அல்லது அஸ்திவாரம் போட்டுவிட்டுப் போனவர்களுக்கும் அதில் பாத்தியதை உண்டா? மைராவுக்கு ஒரு நியாயம், நெல்லிக்கு ஒரு நியாயம். கதாசிரியன் என்ற முறையில் எனக்கு இருவரையும் பிடிக்கிறது. ஆனால் இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் கல்லூரிச் சச்சரவு. ஆறு வாரத்துக்குள் அந்தச் சச்சரவை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வந்து சேர்ந்தது.

அந்தச் சமயத்தில் அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை கிடையாது. உட்ரோ வில்ஸன் ஜனாதிபதியாகப் பதவி ஏற்க இருந்த நாளுக்கு முதல் நாள், மார்ச் 3-ந் தேதி, வாக்குரிமை கேட்டு வாஷிங்டனில் மாபெரும் ஊர்வலம் நடத்த ஏற்பாடாயிற்று. ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர் ஆலிஸ் பால். கறுப்பினப் பெண்களும் வரட்டுமா என்ற கேள்வி எழுந்தபோது அவர் தயங்கினார். அவர்கள் வந்தால் தென் பிரதேசத்து வெள்ளைக்காரப் பெண்கள் விலகிவிடுவார்கள் என்ற பயம். உரிமை கேட்கப் புறப்பட்டவர்களே பக்கத்திலிருப்பவளுக்கு உரிமை தர யோசித்தார்கள்!

பிப்ரவரி மாதம் ஆலிஸ் பாலுக்கு ஹோவர்டு மாணவிகள் சார்பில் ஒரு கடிதம் போயிற்று. எங்களுக்கும் ஊர்வலத்தில் நல்ல இடம் வேண்டும். இனத்தைக் காரணம் காட்டி ஒதுக்குவதானால் நாங்கள் வர விரும்பவில்லை என்று மரியாதை குறையாமல், ஆனால் தெளிவாக எழுதப்பட்ட கடிதம். எழுதியது யார் தெரியுமா? மைரா அல்ல, மேட்ரி அல்ல, நெல்லி குவாண்டர்! பழைய பெயரைக் கட்டிக்காத்த அந்தப் பெண்தான். பிரிந்து போனவர்கள் எந்தப் பாதையில் நடக்கப் புறப்பட்டார்களோ, அதே பாதையில் இடம் கேட்டு அவள் எழுதியிருந்தாள்.

மார்ச் 3-ந் தேதி வந்தது. காங்கிரஸ் மாளிகையிலிருந்து பென்ஸில்வேனியா வீதி வழியாக ஆயிரக் கணக்கான பெண்கள் புறப்பட்டார்கள். இனெஸ் மில்ஹாலண்ட் வெள்ளைக் குதிரை மீது முன்னே சென்றாள். டெல்டா பெண்களும் நடந்தார்கள். அவர்களோடு மேரி சர்ச் டெரலும் நடந்தார். அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர், அப்போது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தவர். சிக்காகோவிலிருந்து வந்த ஐடா பி. வெல்ஸ் அம்மையாரை, உங்கள் மாகாணத்தாரோடு வராதீர்கள், பின்னால் போங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவர் அதற்குச் சம்மதிக்க மறுத்து, கூட்டத்தில் நின்றிருந்து, இல்லினாய் மாகாணத்தார் வந்ததும் நடுவில் புகுந்து நடந்தார்!

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வீதியை அடைத்துக்கொண்டது. ஏசினார்கள், பிடித்துத் தள்ளினார்கள். போலீஸார் பலர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் குதிரைப் பட்டாளத்தை வரவழைக்க வேண்டியதாயிற்று. சுமார் 100 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிறகு ஸெனட் சபை இதுபற்றி விசாரணையே நடத்தியது. வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கே இந்த மரியாதை என்றால், அந்த வீதியில் நடந்த கறுப்பினப் பெண்களின் நெஞ்சுரத்தை என்னவென்று சொல்ல?

ஜனவரி 13-ந் தேதியிலிருந்து மார்ச் 3-ந் தேதி வரை கணக்குப் பாருங்கள். நாற்பத்தொன்பது நாள். நாம் விரதத்துக்குச் சொல்கிற ஒரு மண்டலமும், மேலே ஒரு நாளும். பிறந்து அத்தனை நாளே ஆன சங்கம், தனக்கு ஒரு பெயர் எதற்கு என்ற கேள்விக்குத் தெருவில் இறங்கி நடந்து பதில் சொல்லிவிட்டது.

உடனே பலன் கிடைத்ததா என்றால், இல்லை. அதே வருஷத்தில் வில்ஸன் சர்க்கார் தபால் இலாகாவிலும் கஜானா இலாகாவிலும் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைக்கத் தொடங்கியது. வாஷிங்டனில் படித்த கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சர்க்கார் குமாஸ்தா வேலைதான் ஜீவனம். 1920-ல் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் திருத்தம் நிறைவேறியது. தென் பிரதேசத்துக் கறுப்பினப் பெண்களுக்கோ வரி என்றும் பரீட்சை என்றும் சொல்லி வழியடைத்தார்கள். அந்த முட்டுக்கட்டையைத் தகர்க்கும் சட்டம் வர 1965 ஆயிற்று.

சங்கங்கள் இரண்டும் பட்டுப்போகவில்லை. 1913 முடிவதற்குள்ளாகவே பழைய சங்கம் சிக்காகோவில் ஒரு கிளை விட்டது. மறு வருஷம் புதிய சங்கம் ஒஹையோவில், வில்பர்ஃபோர்ஸில், கிளை விட்டது. டெல்டாவைச் சேர்ந்த ஷர்லி சிஸம் 1968-ல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்மணி. ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் ஹோவர்டிலேயே சேர்ந்தவர் கமலா ஹாரிஸ். தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான சியாமளா கோபாலனின் மகள். 2021 முதல் 2025 வரை துணை ஜனாதிபதியாக இருந்தார். அன்று நெல்லி காப்பாற்றிய பெயரும் வீணாகவில்லை, மைரா வைத்த பெயரும் வீணாகவில்லை. பாகப் பிரிவினை என்றால் வீடு இடிந்துபோகும் என்பார்கள். இங்கே இரண்டு வீடுகள் எழும்பின.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி பெர்த்தா பிட்ஸ். பிற்காலத்தில் ஸியாட்டில் நகரத்தில் குடியேறி, பொதுக் காரியங்களில் பேர் வாங்கியவள். 1981-ம் வருஷம் டெல்டா சகோதரிகள் சுமார் பதினாயிரம் பேர், முதல் ஊர்வலத்தின் நினைவாக, அதே பென்ஸில்வேனியா வீதியில் மறுபடி நடந்தார்கள். தலைமை தாங்கியவள் பெர்த்தா. அப்போது அவளுக்கு வயது 92. இம்முறை வழியை மறிக்க யாரும் இல்லை.