வினா அமைத்தல் (செயற்கை நுண்ணறிவு ஆய்வுக் கருவிகள்)

வினா அமைத்தல் என்பது, செயற்கை நுண்ணறிவு ஆய்வுக் கருவிகளிடமிருந்து சரிபார்க்கத்தக்க விடையைப் பெறும்பொருட்டு, கேள்வியின் பொருள், இடம், காலம், சான்று ஆகியவற்றை வரையறுத்துக் கேட்கும் முறை ஆகும். இணையத்தில் தரவுகள் குறைவாக உள்ள வட்டாரங்களைப் பற்றி ஆராய்வோருக்கு இது இன்றியமையாதது. தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டியும் அதனைச் சூழ்ந்த கரிசல் மானாவாரி நிலப்பகுதியும் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

பின்னணி

சாட்ஜிபிடி நவம்பர் 2022இல் வெளியானது. இணையப் பக்கங்களைத் தேடிப் படித்து, மேற்கோள்களுடன் அறிக்கை தரும் ஆய்வு வசதியைக் கூகுள் டிசம்பர் 2024இலும் ஓப்பன்ஏஐ பிப்ரவரி 2025இலும் அறிமுகப்படுத்தின. இவற்றின் அடிப்படையான பெருமொழி மாதிரிகள், அடுத்து வரத்தக்க சொல்லை நிகழ்தகவின்படி தெரிவு செய்கின்றன. எனவே தரவு இல்லாதவிடத்தும் சரளமான, ஆனால் தவறான விடை உருவாகக்கூடும். 2023இல் சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

கரிசல் வட்டாரத்தில் எழும் சிக்கல்கள்

* பெயர் மயக்கம்: 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் பயிர் இரகங்கள் "கே" என்னும் எழுத்தைப் பெறுகின்றன. பருத்தியிலும் சோளத்திலும் "கே 11" உண்டு. பயிரைக் குறிப்பிடாமல் கேட்டால் இரண்டின் விவரங்களும் கலந்துவிடலாம்.
* எல்லை மாற்றம்: கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. சாத்தூர் 1910 வரை திருநெல்வேலியிலும், பின்னர் இராமநாதபுரத்திலும் இருந்து, 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. இன்றைய மாவட்டப் பெயரால் மட்டும் தேடினால் பழைய பதிவுகள் அகப்படுவதில்லை.
* சொல் வேறுபாடு: வட்டாரத்தில் "கம்மாய்" எனப்படுவது எழுத்துவழக்கில் "கண்மாய்" ஆகும். குதிரைவாலி பற்றிய ஆய்வுகள் பல, பார்ன்யார்ட் மில்லட் என்னும் ஆங்கிலப் பெயரிலேயே உள்ளன.

வினா அமைக்கும் முறை

1. பொருளைச் சுருக்குதல். "கரிசலில் பருத்தி" என்பதைவிட, "கோவில்பட்டி மானாவாரியில் கே 11 பருத்தியின் விதைப்புக் காலம்" என்பது தெளிவான வினாவாகும்.
2. காலத்தையும், அக்காலத்து மாவட்டப் பெயரையும் தருதல்.
3. தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே வினவி, விடைகளை ஒப்பிடுதல்.
4. ஒவ்வொரு கூற்றுக்கும் மூலத்தைக் கேட்டல். சான்று இல்லையெனில் "இல்லை" எனக் கூறுமாறு பணித்தல்.
5. கையிலுள்ள அறிக்கை அல்லது நூற்பக்கத்தைப் பதிவேற்றி, அதற்குள் மட்டும் விடை தேடுமாறு கோருதல்.

சரிபார்த்தல்

மேற்கோள் இருப்பது மட்டும் போதுமானதன்று. இணைப்பைத் திறந்து, அக்கூற்று அங்கு உள்ளதா, அதே பயிரையும் மண்ணையும் பற்றியதா எனப் பார்த்தல் வேண்டும். கரிசல் மண் நனைந்தால் கால் வைக்க இயலாதபடி ஒட்டும். ஆதலால் இப்பகுதியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே காய்ந்த நிலத்தில் விதைக்கும் புழுதி விதைப்பு மேற்கொள்ளப்படுகின்றது. பாசன நிலத்துக்குரிய விதைப்பு நாளை ஒரு கருவி இதற்குப் பொருத்திக் கூறினால், உழவர் அவ்வாண்டின் விதையையும் பருவத்தையும் இழக்க நேரிடும். இத்தகைய முடிவுகளில் கருவியின் விடையைத் தேடலின் தொடக்கமாக மட்டும் கொண்டு, ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண்மை அலுவலரிடமோ, மூத்த உழவர்களிடமோ உறுதிசெய்தல் தகும்.

இவற்றையும் பார்க்க

* கரிசல் மண்
* மானாவாரி வேளாண்மை
* பெருமொழி மாதிரி