காவலூரில் மங்கிய விண்மீன்

2023 மார்ச் 24 மாலை. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். கிரிவலப் பாதையில் மேற்கு வானம் தெரிந்த இடங்களிலெல்லாம் மக்கள் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தனர். பிறைக்கு மிக அருகே வெள்ளி. நானும் எடுத்தேன், பிறை வெள்ளைக் கறையாகவும் வெள்ளி ஒரு புள்ளியாகவும் பதிந்தன. உண்மையில் நாங்கள் கண்டது நிகழ்வின் மிச்சம்தான். அன்று பிற்பகலிலேயே, இந்தியாவின் பல பகுதிகளில், நிலவு வெள்ளியை மறைத்து விலகியிருந்தது. பகல் வெளிச்சத்தில் தொலைநோக்கி இல்லாதவர்க்கு அது தெரிய வழியில்லை.

அகநானூற்றின் 136ஆம் பாட்டில், நிலவும் உரோகிணியும் கூடிய பொழுது மணநாளாகக் குறிக்கப்படுகிறது. வகுப்பில் அந்த இடத்தை 'நல்ல நாள்' என்று சொல்லிக் கடந்துவிடுவது என் வழக்கம். அது அடையாளம் மட்டுமன்று, கண்ணால் கண்ட வானம் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. உரோகிணி நிலவின் பாதையை ஒட்டியே இருக்கிறது. சில ஆண்டுகளில் மாதந்தோறும் நிலவு அதை மறைத்தே செல்லும். 2015 முதல் 2018 வரை அப்படி நிகழ்ந்தது.

மறைப்பில் கவனிக்க வேண்டியது ஒளி எப்படிப் போகிறது என்பதை. நிலவின் விளிம்பில் விண்மீன் சட்டென்று அணையும்; ஊதி அணைத்த விளக்கைப் போல. நிலவுக்குக் காற்றுமண்டலம் இல்லாததே காரணம். காற்றுமண்டலம் உள்ள கோள் ஒன்று குறுக்கே வந்தால் விண்மீன் படிப்படியாகத் தேயும். மறைக்கும் பொருளை நேரில் காணாமலே அதன் இயல்பை அறிய இது ஒரு வழி.

இந்த வழியில் நடந்த பெரிய கண்டுபிடிப்பு ஒன்றில் நம் பக்கத்து மலைக்கும் பங்குண்டு. திருவண்ணாமலைக்கு வடமேற்கே, நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டருக்குள், ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர் (இன்று திருப்பத்தூர் மாவட்டம்). வைனு பாப்பு 1968இல் அங்கு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் வான்நோக்கைத் தொடங்கினார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவ்வாண்டு ஜூன் 7இல் வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அங்கிருந்து பதிவு செய்தார்கள்.

1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னே செல்லவிருந்தது. அன்று வளையமுள்ள கோள் என்று அறியப்பட்டது சனி ஒன்றே. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒளிமானியுடன் காத்திருந்தனர். கோளின் உருவுக்கு வெகு வெளியே, எதுவும் இல்லாதிருக்க வேண்டிய இடத்தில், விண்மீனின் ஒளி சில நொடிகள் தாழ்ந்து மீண்டது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, கைப்பர் வானூர்தி ஆய்வகத்தின் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியில், ஜேம்ஸ் எலியட்டின் குழு அதே விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோள் மறைக்கும் முன் ஐந்து முறை ஒளி தாழ்ந்தது. கோள் விலகிய பின்னும் அதே தொலைவுகளில் ஐந்து முறை. இருபுறமும் ஒத்து அமைவது துணைக்கோளால் ஆகாது. வளையங்கள்!

உள்ளூரில் இக்கதையை இரு விதமாகச் சொல்வோர் உண்டு. வளையத்தைக் கண்டது காவலூரே என்பார் சிலர். கையில் இருந்ததைத் தவறவிட்டோம் என்பார் வேறு சிலர். இரண்டும் எனக்கு ஒப்புதலில்லை. அந்த வளையங்களில் பெரியதன் அகலம் 100 கிலோமீட்டரைத் தாண்டாது. அது இருப்பதோ கோளின் ஆரத்தைப் போல் இரு மடங்குத் தொலைவில். அத்தனை மெல்லிய வளையத்தை அதுவரை எவரும் கண்டதில்லை. ஒற்றைத் தாழ்வை வைத்துக்கொண்டு சிறிய துணைக்கோள் என எண்ணியது அன்றைய அறிவுக்குப் பொருத்தமே. மேலும், கதை அங்கே முடியவில்லை. அதே 1977இல் பட்டாச்சார்யாவும் பாப்புவும் அந்தப் பதிவையே மீண்டும் ஆராய்ந்தார்கள். சனியினுடையதைப் போன்ற வளைய அமைப்பு யுரேனஸுக்கு உண்டு என்று அதே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தாளில் பதிந்த கோடு மாறவில்லை. அதைப் படித்த விதம் மாறியது. ஏட்டுச்சுவடியில் ஒரு பாடத்தை மறுவாசிப்புச் செய்யும் பதிப்பாசிரியரின் வேலையாகவே இதை என்னால் பார்க்க முடிகிறது. தான் அச்சிட்ட முதல் பாடத்தைச் சில மாதங்களுக்குள் தானே திருத்த முன்வரும் பதிப்பாசிரியர்கள் நம் துறையில் அதிகம் இல்லை.

பாப்பு 1982இல் மறைந்தார். 1986 ஜனவரியில் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டு, ஆய்வகம் அவர் பெயரைப் பெற்றது. அதே மாதம் வாயேஜர் 2 யுரேனஸை நெருங்கிக் கடந்து, அந்த வளையங்களைப் படமெடுத்து அனுப்பியது.